எக்ஸ்ப்ளோரர் 8-ல் பட்டை சாயாதது ஏன்?

கொழிஞ்சாம்பாறை இளநீர்க் கடைப் பக்கத்தில் ‘இன்றைய விலை’ பட்டையை 10 டிகிரி சாய்த்தீர்கள், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 என்ற பழைய பிரவுசரில் மட்டும் நேராக நிற்கிறது என்றீர்கள். சாய்க்கச் சொல்லும் ‘ட்ரான்ஸ்ஃபார்ம்’ என்ற சிஎஸ்எஸ் கட்டளை அதற்குத் தெரியாது. எக்ஸ்ப்ளோரர் 9-க்கு அந்தக் கட்டளையின் முன்னால் எம்எஸ் (-ms-) முன்னொட்டு வேண்டும், பழைய குரோமுக்கு வெப்கிட் (-webkit-). முன்னொட்டு இல்லாத வரி கடைசியில் வரட்டும்.

8-க்கு எக்ஸ்ப்ளோரரின் சொந்த மேட்ரிக்ஸ் ஃபில்டர்தான் வழி. அதில் 10 டிகிரியின் கொசைன், சைன் மதிப்புகளைக் கொடுங்கள்: எம்11, எம்22 இரண்டும் 0.9848, எம்12 -0.1736, எம்21 0.1736. அதே ஃபில்டரில் சைசிங்மெத்தட் (அளவு முறை) ‘ஆட்டோ எக்ஸ்பாண்ட்’ என்று இல்லாவிட்டால் மூலைகள் வெட்டுப்படும். பட்டை நடுப்புள்ளியில் சுழலாமல் இடம் நகரும். நெகட்டிவ் மார்ஜின் (கழித்தல் குறியுள்ள ஓர இடைவெளி) கொடுத்துப் பழைய இடத்துக்கு இழுங்கள். இந்த ஃபில்டரையும் மார்ஜினையும் கண்டிஷனல் கமென்டுக்குள் (குறிப்பிட்ட எக்ஸ்ப்ளோரர் பதிப்பு மட்டும் படிக்கும் எச்டிஎம்எல் குறிப்பு) 8-க்கு மட்டும் வையுங்கள். 9-க்கு ட்ரான்ஸ்ஃபார்மோடு ஃபில்டரும் புரியும், இரண்டு தடவை சாய்த்துவிடும்.

எழுத்து மங்கினால் 8-ல் நேராகவே விடுங்கள். விலை தெளிவாகத் தெரிவதுதான் முக்கியம்.