ரத்தபேதிக்கு மாத்திரை கேட்காமல் போவது ஏன்?

கேள்வி: என் 7 வயது மகனுக்குக் காய்ச்சலோடு சளியும் ரத்தமுமாகப் பேதி. மெடிக்கல் ஷாப்பில் அமீபா என்று சொல்லி மெட்ரோனிடசோல் கொடுத்தார்கள். கேட்கவில்லை. வீட்டில் மீதமிருந்த சிப்ரோஃப்ளாக்சசினை இரண்டு நாள் கொடுத்தேன்; அதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் மலத்தை கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பி, செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டபிறகுதான் குணமானது. ஷிகெல்லா கிருமி, மருந்து எதிர்ப்பு உள்ளது என்றார்கள். நான் கொடுத்த மாத்திரையால்தான் எதிர்ப்பு வந்ததா? - ஒரு வாசகி, தென்காசி

பதில்: பெரும்பாலும் இல்லை. உங்கள் மகனிடம் வரும்போதே அது எதிர்ப்போடுதான் வந்திருக்கும்.

ஷிகெல்லாவின் சரித்திரமே அப்படி. 1950களில் ஜப்பானில் சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோரம்ஃபெனிகால், டெட்ராசைக்ளின் நான்குக்கும் ஒரே நேரத்தில் அடங்காத ஷிகெல்லா கிடைத்தது. ஆராய்ந்தால், நம் குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவிடமிருந்தே அந்த எதிர்ப்பு மரபணுக்கள் மொத்தமாகக் கைமாறியிருந்தன. பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் வழியாக நடக்கும் வியாபாரம் இது. ஆகவே சளிக்கும் இருமலுக்கும் தேவையில்லாமல் விழுங்கும் ஆன்டிபயாடிக்கூட வேறொரு நாள் ரத்தபேதியில் வந்து நிற்கலாம்.

கொள்ளைநோயாகப் பரவும் வகை ஷிகெல்லா டிசென்டெரியே 1. 1969இல் குவாதமாலாவில் அது பரவியபோது அங்கேயும் முதலில் அமீபா என்றே நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். (உங்கள் கடைக்காரருக்கு நல்ல துணை!) ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1984இல் மேற்கு வங்கத்தில் பரவியபோது நாலிடிக்சிக் அமிலம் என்ற ஆன்டிபயாடிக் கைகொடுத்தது. பிறகு அதுவும் பலிக்காமல் போய், சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது. 2002இல் அதே மாநிலத்தில் சிலிகுரிப் பக்கம் பரவிய கிருமிக்கு சிப்ரோஃப்ளாக்சசினும் கேட்கவில்லை. இப்போது நம்மிடம் அதிகம் காணப்படும் ஃப்ளெக்ஸ்னரி, சோனி வகைகளிலும் அதே கதைதான்.

அடுத்த முறை வந்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மல மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை டாக்டர் தன் கணிப்பில் ஒரு மருந்து தருவார். 48 மணி நேரத்தில் காய்ச்சலும் ரத்தமும் குறையாவிட்டால் மருந்தை மாற்ற வேண்டும். அப்போது திரும்பப் போய்க் காட்டுங்கள், கடையில் இன்னொன்று வாங்காதீர்கள். பேதியை நிறுத்தும் லோபெரமைடு மட்டும் வேண்டவே வேண்டாம். கிருமி உள்ளேயே தங்கிவிடும். ஓஆர்எஸ், துத்தநாக மருந்து, வழக்கமான சாப்பாடு தொடரட்டும். சிறுநீர் குறைந்தாலோ முகம் வெளிறினாலோ உடனே ஆஸ்பத்திரி.

அப்புறம், வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டாமல் பாருங்கள். நூறு கிருமிக்கும் குறைவாக வாய்க்குள் போனாலே இந்நோய் வரும். பையனுக்குக் கால் கழுவிவிட்ட கையை சோப்பு போட்டுக் கழுவியபிறகே சமையலறைக்குள் போங்கள்.