உளவு சாட்டிலைட்டைச் சுட்டது விஷத்துக்குப் பயந்தா, பலத்தைக் காட்டவா?

நம்மூர் ரிசாட்-2 செயற்கைக்கோள் கடலில் விழுந்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்த பெங்களூரு வாசகர்கள் பலர், 2008-ல் அமெரிக்கா சுட்டு நொறுக்கிய உளவு செயற்கைக்கோளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகள் இங்கே.

கே: விஷ எரிபொருள் மக்கள் மேல் விழுந்துவிடும் என்று சொல்லித்தான் அமெரிக்கா தன் சொந்த சாட்டிலைட்டையே உடைத்தது. என் அலுவலகத்தில் ஒருவரும் அதை நம்புவதில்லை. 'சீனாவுக்குக் காட்டத்தான்' என்கிறார்கள். எது சரி?
வாசகர், அல்சூர்

ப: முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். அந்தக் கோளின் பெயர் யுஎஸ்ஏ-193. எடை ஏறத்தாழ 2,300 கிலோ. 2006 டிசம்பர் 14 அன்று கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க் தளத்திலிருந்து டெல்டா-2 ராக்கெட்டில் போனது. சுற்றுப்பாதையை எட்டிய கொஞ்ச நேரத்திலேயே தொடர்பு அறுந்தது. ஒரு கட்டளையைக்கூட ஏற்காத நிலையில், சுமார் 450 கிலோ ஹைட்ரசின் எரிபொருள் தொடாமல் அப்படியே இருக்க, ஒரு வருஷத்துக்கு மேல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. 2008 பிப்ரவரி 14 அன்று அமெரிக்க முப்படைத் துணைத் தலைவர் ஜெனரல் கார்ட்ரைட்டும் அப்போதைய நாசா தலைவர் கிரிஃபினும் நிருபர்களைக் கூட்டி, சுடப்போகிறோம் என்றார்கள். நம் நேரப்படி பிப்ரவரி 21 காலை 8.56-க்கு, ஹவாய்க்கு மேற்கே நின்ற லேக் எரி என்ற போர்க்கப்பலிலிருந்து கிளம்பிய ஓர் எஸ்எம்-3 ஏவுகணை 247 கிலோமீட்டர் உயரத்தில் அதை அடித்தது.

இனி சந்தேகங்களுக்கு வருவோம். எரிபொருள் ஆபத்து கட்டுக்கதை இல்லை (அடுத்த பதிலில் விவரம் இருக்கிறது). ஆனால் அளவு சிறியது. தொட்டி உடையாமல் தரைக்கு வந்தாலும் வாயு பரவும் பரப்பு இரண்டு கால்பந்து மைதானம் என்று அதிகாரிகளே சொன்னார்கள். பூமியில் எழுபது சதவீதம் கடல். யுஎஸ்ஏ-193-இன் பாதைச் சாய்வு 58.5 டிகிரி. அதாவது வடக்கே, தெற்கே அந்த அட்சரேகைகளுக்கு இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். அந்தப் பரப்பில் இந்தியா முழுவதும் சேர்ந்தே ஒரு சதவீதத்துக்குக் கீழே. பெங்களூரு மாநகர எல்லைக்குள் விழும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் வெகு குறைவு.

இதைவிடப் பெரியவை கட்டுப்பாடில்லாமல் விழுந்திருக்கின்றன. 1979-ல் 77 டன் ஸ்கைலாப் இறங்கி மேற்கு ஆஸ்திரேலியாவில் சிதறியது. 1978-ல் சோவியத் உளவுக்கோள் காஸ்மாஸ் 954 தன் அணு உலையோடு கனடாவின் வடக்கில் விழுந்தது. அவற்றை யாரும் சுடவில்லை. எஸ்எம்-3 போன்ற ஆயுதம் அன்றைக்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சீனா விஷயத்துக்கு ஆதாரம் தேதியில் இருக்கிறது. 2007 ஜனவரி 11 அன்று சீனா தன் பழைய வானிலைக்கோள் ஃபெங்யுன்-1சி-யை 865 கிலோமீட்டர் உயரத்தில் அடித்து நொறுக்கியது. அதற்குப் பதின்மூன்று மாதத்தில் அமெரிக்காவின் சூடு. இன்னொன்று: விண்வெளியில் ஆயுதம் வைப்பதைத் தடுக்கும் ஒப்பந்த வரைவை ரஷ்யாவும் சீனாவும் ஜெனீவாவில் முன்வைத்தது 2008 பிப்ரவரி 12. சுடும் அறிவிப்பு வந்தது அதற்கு இரண்டே நாள் கழித்து. அறிவிப்புத் தேதியை முடிவு செய்தது கோள் இறங்கிய வேகமா, ஜெனீவாவா என்றால், கோள்தான் என்று கருதுகிறோம். மார்ச் முதல் வாரத்தில் அது தானாகவே விழுந்திருக்கும். அதற்குள் சுட்டாக வேண்டும்.

எங்கள் கணிப்பு இது. ஆபத்து நிஜம், ஆனால் அது மட்டும் போதுமான காரணம் ஆகாது. கையில் எஸ்எம்-3 இல்லாதிருந்தால் 'விழட்டும்' என்றுதான் விட்டிருப்பார்கள். எதிரி ஏவுகணையைத் தடுக்கக் கட்டிய ஆயுதம் செயற்கைக்கோளையும் அடிக்கும் என்று உலகத்துக்குத் தெரிந்துபோனது. அந்தப் பலன் கிடைக்கும் என்பது முடிவெடுத்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஒரு முடிவுக்குப் பின்னால் மூன்று காரணங்கள் இருப்பது அரசாங்கங்களில் சகஜம். அதில் ஒன்றை மட்டும் வெளியே சொல்வதும் சகஜம். சொன்னது பொய் என்று அதனால் ஆகிவிடாது.

கே: ஹைட்ரசின் எரியக்கூடிய திரவம்தானே? கீழே வரும் சூட்டில் அதுவே எரிந்து போயிருக்காதா?
பொறியியல் மாணவி, ராமமூர்த்தி நகர்

ப: இயங்கும் கோளாக இருந்தால் உங்கள் யோசனை பெரும்பாலும் சரி. இங்கே பிரச்சினை உறைதல். ஹைட்ரசின் சுமார் 2 டிகிரி செல்சியஸில் உறையும். அதனால் அதைச் சுமக்கும் கோள்களில் தொட்டிக்கும் குழாய்க்கும் சூடேற்றிகள் சுற்றியிருப்பார்கள். மின்சாரம் செத்துப்போன யுஎஸ்ஏ-193-இல் அவை வேலை செய்யவில்லை. ஒரு மீட்டர் விட்டத்தில் உருண்டையான தொட்டி, உள்ளே 450 கிலோ பனிக்கட்டி போல எரிபொருள்.

கோளின் உடல் பிய்வது சுமார் 80 கிலோமீட்டர் உயரத்தில். அதுவரை தொட்டி உடலுக்குள்ளே மறைந்திருக்கும். வெளியே வந்தபின் கடும் சூட்டில் இருப்பது சில நிமிடங்கள்தான். தொட்டியின் உலோகமான டைட்டானியம் உருக 1,650 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே இருக்கும் உறைந்த கட்டி வேறு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எனவே தொட்டி முழுசாக வந்து சேர வாய்ப்பு உண்டு. 2003-ல் கொலம்பியா விண்கலம் சிதறியபோது அதன் ஹைட்ரசின் தொட்டி ஒன்று டெக்சாஸ் தரையில் கிடந்தது. நாசா தலைவர் கிரிஃபின் அதையே உதாரணம் காட்டினார். ஆனால் அது காலித் தொட்டி.

மறுப்பவர்கள் சொல்வதிலும் சாரம் இருக்கிறது. கோள் பிய்யும்போது தொட்டியோடு இணைந்த குழாய்களும் அறுபடும். ஓரமாக உருகிய எரிபொருள் அந்த ஓட்டை வழியே மேலேயே கசிந்து வெளியேறும். எவ்வளவு கசியும், எவ்வளவு மிஞ்சும் என்பது தொட்டிச் சுவரின் கனத்தையும் குழாய் வாயின் அளவையும் பொறுத்தது. உளவுக்கோள் என்பதால் அந்த வரைபடம் வெளியே வராது. வாதம் இன்றுவரை ஓயாததற்குக் காரணமும் அதுதான்.

கே: ரகசியக் கருவிகள் ரஷ்யா, சீனா கையில் சிக்கிவிடக் கூடாது என்பதுதானே நிஜக் காரணம்?
வாசகர், ஜாலஹள்ளி

ப: சொல்லப்படும் காரணங்களில் இதுவே பலவீனமானது. எங்கே விழும் என்று கடைசி நாள்வரை எவருக்கும் தெரியாது, பாதிக்கு மேல் கடலுக்குத்தான் போகும். சென்சாரும் மின்னணுப் பலகையும் எரிந்து உருகித்தான் வரும். பிறநாட்டு மண்ணில் விழுந்த பாகத்தைக் கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்று 1968 ஒப்பந்தமும் இருக்கிறது.

கே: அதை அடிப்பது அவ்வளவு கஷ்டமா? நாள் பார்த்துத்தான் சுட்டார்களாமே?
ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊழியர், விமானபுரா

ப: நாள் மட்டுமா, உயரமும் பார்த்துத்தான். ரொம்ப மேலே அடித்தால் சிதறல் பல வருஷம் சுற்றும். ரொம்பக் கீழே வரவிட்டால் காற்று உரசிக் கோள் தாறுமாறாக உருள ஆரம்பிக்கும், அடுத்த சுற்றில் எங்கே இருக்கும் என்ற கணக்கே தப்பிவிடும். 240 கிலோமீட்டர் வாக்கில் அடிப்பது என்று முடிவு செய்தார்கள். அட்லாண்டிஸ் விண்வெளி ஓடம் வீரர்களோடு மேலே இருந்ததால் அது பிப்ரவரி 20-ல் தரையிறங்கும்வரை பொறுத்தார்கள்.

எஸ்எம்-3-இன் முனையில் வெடிமருந்து கிடையாது. நேருக்கு நேர் மோதுவதுதான் அடி. மோதல் வேகம் விநாடிக்குச் சுமார் 9.8 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் 48 மெகாஜூல் ஆற்றல், அதாவது அதே எடை டிஎன்டி வெடிமருந்தைப் போல் பதினோரு மடங்குக்கு மேல். ஏவுகணையின் கண் வெப்பத்தைப் பார்ப்பது. சூடாக வரும் ஏவுகணையைத் தேடப் பழகிய கண் அது. செத்த கோளில் வெயில் பட்ட சூடு மட்டுமே உண்டு. அதற்காக மென்பொருளை மாற்றி, மூன்று ஏவுகணைகளைத் தயார்செய்து, மூன்று கப்பல்களை நிறுத்தினார்கள். முதல் அடியிலேயே முடிந்தது. தொட்டியும் உடைந்துவிட்டது என்று பிப்ரவரி 25-ல் அறிவித்தார்கள்.

கே: 2019-ல் நாமும் மிஷன் சக்தி செய்தோமே. அவர்கள் செய்தால் சந்தேகம், நாம் செய்தால் பெருமையா?
வாசகி, பீன்யா

ப: நியாயமான கேள்வி. ஒரே அளவுகோலை இரண்டுக்கும் வைக்கத்தான் வேண்டும்.

நம்முடையதில் ஆபத்து என்ற காரணமே சொல்லப்படவில்லை. 740 கிலோ எடையுள்ள நம் மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோள் 2019 ஜனவரி 24-ல் பிஎஸ்எல்வி-சி44 ராக்கெட்டில் போனது. இரண்டு மாதம் கழித்து, மார்ச் 27 அன்று, ஒடிசா கரையோரம் அப்துல் கலாம் தீவிலிருந்து டிஆர்டிஓ ஏவுகணை அதை 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே அடித்தது. நமக்கும் இந்தத் திறன் உண்டு என்று காட்டவே செய்தோம் எனப் பிரதமரே தொலைக்காட்சியில் சொன்னார். தேர்தல் நேரத்தில் அதைச் சொன்னது பற்றி விமர்சனம் எழுந்தது, தேர்தல் ஆணையம் விதிமீறல் இல்லை என்றது. நோக்கத்தை ஒளிக்கவில்லை என்ற வகையில் இது நேர்மையானது.

தவறியது சிதறல் கணக்கு. 45 நாளில் எல்லாம் விழுந்துவிடும் என்றார்கள். 400 துண்டுகள், அதில் 24 சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும் மேலே போயின என்று அப்போதைய நாசா தலைவர் பிரைடன்ஸ்டைன் குறைபட்டார். கடைசியாகக் கண்காணித்த துண்டு விழ 2022-இன் நடுப்பகுதி ஆயிற்று. அமெரிக்கச் சூட்டிலும் இதே கதைதான்: பட்டியலிட்ட 174 துண்டுகளில் கடைசியானது 2009 அக்டோபர்வரை சுற்றியது.

ஏன் இப்படி? மோதலில் சில துண்டுகளுக்கு முன்னோக்கிக் கூடுதல் உந்தல் கிடைக்கும். அவற்றின் பாதை நீள்வட்டமாகி, ஒரு முனை 1,000 கிலோமீட்டரைத் தாண்டும், மறுமுனை மோதிய உயரத்திலேயே நிற்கும். அந்தத் தாழ்ந்த முனையில் மட்டும்தான் காற்று பிடித்திழுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் சில நிமிடப் பிடிப்பு, மீதி நேரம் சும்மா மிதப்பு. அதனால்தான் வாரங்கள் வருஷங்களாகின்றன. 865 கிலோமீட்டரில் சீனா உடைத்ததிலிருந்து 3,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் பட்டியலாயின. அவற்றில் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் சுற்றும். ஒரு அரசு பொறுப்போடு சுட்டதா என்று கேட்டால் நாங்கள் முதலில் பார்ப்பது இந்த உயரத்தைத்தான்.

கே: அரசு சொல்வது சரியா என்று என் போன்ற சாதாரண ஆள் சோதிக்க வழி உண்டா?
பள்ளி ஆசிரியர், கே.ஆர். புரம்

ப: நிறையவே உண்டு, வகுப்பிலேயே செய்யலாம். செலஸ்ட்ராக் தளத்தில் கோளின் பட்டியல் எண்ணைப் போட்டால் இரண்டு வரி எண்கள் வரும். இரண்டாம் வரியில் கோளின் எண்ணை அடுத்து இருப்பது பாதைச் சாய்வு. அந்த வரியில் புள்ளியோடு வரும் கடைசி எண் ஒரு நாளில் எத்தனை சுற்று என்பது. 86,400-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு சுற்றுக்கான விநாடி கிடைக்கும். அதை வர்க்கமாக்கி 3,98,600-ஆல் பெருக்கி 39.48-ஆல் வகுத்து, கனமூலம் எடுத்து, 6,378-ஐக் கழியுங்கள். கிடைப்பது சராசரி உயரம், கிலோமீட்டரில். நாளுக்கு 16 சுற்று என்றால் 274 கிலோமீட்டர், 15.5 என்றால் 417 வரும். தினமும் குறித்துவந்து சுற்று எண்ணிக்கை ஏறினால் கோள் இறங்குகிறது என்று அர்த்தம்.

உளவுக்கோள்களுக்கு அமெரிக்கா இந்த எண்களை வெளியிடாது. ஆனாலும் யுஎஸ்ஏ-193-ஐ ஆர்வலர்கள் பைனாகுலரும் ஸ்டாப்வாட்சும் வைத்தே பின்தொடர்ந்தார்கள். தெரிந்த இரு நட்சத்திரங்களுக்கு நடுவே கோள் எந்த விநாடியில் கடக்கிறது என்று பல ஊர்களிலிருந்து குறித்தால் பாதை கிடைத்துவிடும். அதோடு விமானிகளுக்கும் கப்பல்களுக்கும் வரும் எச்சரிக்கை அறிவிப்புகளைப் பாருங்கள். எந்தக் கடல்பகுதியை எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்பது அதில் இருக்கும். மிஷன் சக்திக்கும் வங்கக்கடலுக்கு அப்படி அறிவிப்பு வந்தது.

விழும் நேரத்தை மட்டும் நம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மீதமிருக்கும் காலத்தில் 20 சதவீதம்வரை முன்பின் ஆகும். ஒரு மணி நேரம் பிசகினால் இடம் 28,000 கிலோமீட்டர் பிசகும். 'நாளை மூன்று மணிக்கு ஓசூரில்' என்று வரும் செய்தி எதுவும் கணக்குப் போட்டு எழுதியது அல்ல.

கே: நம் இஸ்ரோ இப்படிச் சுட வேண்டிய நிலை வராமல் என்ன செய்கிறது?
வாசகர், சிவாஜிநகர்

ப: எரிபொருளை மேலேயே தீர்த்துவிடுகிறது. 300 கிலோ ரிசாட்-2 30 கிலோ எரிபொருளோடு 2009-ல் போய், 2022 அக்டோபர் 30-ல் ஜகார்த்தா அருகே இந்தியப் பெருங்கடலில் விழுந்தபோது தொட்டி காலி. மேகா-டிராபிக்ஸ் என்ற இன்னொரு கோள் ஒரு டன் எடை, அதில் 125 கிலோ எரிபொருள் மிச்சம் இருந்தது. அதை வைத்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தி, 2023 மார்ச் 7-ல் கோள்களுக்குக் கட்டளை அனுப்பும் நம் பெங்களூரு இஸ்ட்ராக் மையத்திலிருந்து நாலு சிறு உந்திகளை இருபது நிமிடம் வீதம் இரண்டு முறை எரித்து, பசிபிக்கில் ஆளில்லாத இடமாகப் பார்த்து இறக்கினார்கள். கோள் பேச்சைக் கேட்கும் நிலையில் இருந்தால்தான் இது நடக்கும். யுஎஸ்ஏ-193 முதல் நாளே காது கேளாமல் போய்விட்டது.

கே: ஒரு துண்டு எங்கள் மொட்டை மாடியில் விழுந்தால் என்ன செய்வது? நஷ்டஈடு கிடைக்குமா?
இல்லத்தரசி, பொம்மனஹள்ளி

ப: 2022 ஏப்ரலில் மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் மூன்று மீட்டர் அகல உலோக வளையமும் உருண்டைகளும் விழுந்தன. எனவே உங்கள் பயம் வீணானது அல்ல. உருண்டையோ தொட்டியோ என்றால் கிட்டே போகாதீர்கள். அம்மோனியா போல மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் காற்று வரும் திசைக்கு விலகி, பிள்ளைகளையும் பக்கத்து வீட்டாரையும் அப்புறப்படுத்தி 112-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், சாக்கடையில் விஷம் பரவும். காயலான் கடைக்கும் போடக் கூடாது, அது ஏவிய நாட்டின் சொத்து.

1972 பொறுப்பு ஒப்பந்தப்படி, தரையில் ஆன சேதத்துக்கு ஏவிய நாடு முழுப் பொறுப்பு. காஸ்மாஸ் 954-க்கு கனடா 60 லட்சம் கனடிய டாலர் கேட்டு, 30 லட்சம் வாங்கியது. ஆனால் நீங்கள் நேராகக் கேட்க முடியாது. நம் அரசு உங்கள் சார்பில் ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். ஆகவே தூரத்திலிருந்து எடுத்த படம், போலீஸ் எழுதும் மகஜரின் நகல், பொறியாளர் தரும் சேத மதிப்பீடு, மருத்துவமனை ரசீது எல்லாவற்றையும் அந்த வாரமே சேர்த்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு கொடுத்து, முத்திரையிட்ட ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.