வாசகர் கேள்வி: வெளியிலிருந்து வரும் செயலியைப் போனில் ஏற்றலாமா?

கேள்வி: பம்ப்செட்டுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டினோம். செயலி பிளே ஸ்டோரில் இல்லை. மாட்டியவர் ஏ.பி.கே. கோப்பை (செயலியை நேரடியாக ஏற்றும் கோப்பு) வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, 'பிளே புரொடெக்ட்டை ஆஃப் பண்ணிட்டு ஏத்துங்க' என்கிறார். வெளிச் செயலியே கூடாது என்கிறான் மகன். என்ன செய்ய?
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: ஏற்றலாம். உங்கள் போனில் எது இருக்க வேண்டும் என்று முடிவுசெய்ய வேண்டியவர் நீங்கள்தான். ஆனால் பிளே புரொடெக்ட்டை அணைக்கவே கூடாது. வெளியிலிருந்து வரும் செயலியையும் தீங்கானதா என்று சோதிப்பது கூகுளின் அந்தக் காவல்தான்.

வாட்ஸ்ஆப்பில் வந்த கோப்பை விட்டுவிட்டு, தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே குரோம் வழியாக இறக்குங்கள். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், வெளிச் செயலியை ஏற்றும் அனுமதி, கோப்பைக் கொண்டுவரும் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி. வாட்ஸ்ஆப்புக்குக் கொடுத்துவிட்டால், நாளை குரூப்பில் வரும் போலிக் கோப்புக்கும் வழி திறந்தே கிடக்கும். செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' என்று தேடி, குரோமுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஏற்றி முடித்த கையோடு அதை எடுத்துவிடுங்கள். வயலுக்குப் பாய்ந்ததும் மடையை அடைக்கிறோம் அல்லவா, அப்படித்தான்.

அடுத்து அனுமதிகள். ஸ்டார்ட்டரில் உள்ள சிம்முக்குக் கட்டளை எஸ்.எம்.எஸ்.ஸாகப் போவதால், செயலி அந்த அனுமதியைக் கேட்கக்கூடும். எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்க முடிந்த செயலியால் வங்கி ஓ.டி.பி.யையும் படிக்க முடியும். ஆகவே வங்கியில் பதிந்த எண் இல்லாத பழைய போனில் ஏற்றுவதே நல்லது. பல ஸ்டார்ட்டர்கள் செயலியே இல்லாமல், போன் அழைப்பிலும் எஸ்.எம்.எஸ்.ஸிலும் ஓடும், அதையும் கேட்டுப் பாருங்கள். 'ஆக்சஸிபிலிட்டி' அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். திரையைப் படித்து, உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தக்கூடிய அனுமதி அது. மோட்டார் போட அது எதற்கு?

புதிய பதிப்பு வந்தால் பழையதன் மேலேயே ஏற வேண்டும். தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பம் மாறியிருந்தால் ஆண்ட்ராய்டு ஏற்றாது. அப்போது 'பழசை அழிச்சிட்டுப் போடுங்க' என்று யார் சொன்னாலும், நிறுவனத்திடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

கேள்வி: ஐபோனிலும் இப்படி ஏற்ற முடியுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இங்கே ஆப் ஸ்டோர் மட்டும்தான் வழி. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் வந்ததால், 2024 மார்ச்சில் அங்கே வேறு செயலிக் கடைகளுக்கும் ஆப்பிள் இடம்கொடுத்தது.

கேள்வி: பி.எம்.கிசான் என்ற பெயரில் குரூப்பில் வந்த கோப்பை அப்பா ஏற்றிவிட்டார். இப்போது அந்த ஐகானையே காணோம்.
– வாசகி, திருவையாறு

பதில்: முதலில் ஏரோபிளேன் மோடு போட்டு வைஃபையையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்து யு.பி.ஐ., நெட்பேங்கிங் இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிப் போய்விடும். ஐகான் மறைந்தாலும் செட்டிங்ஸில் உள்ள ஆப்ஸ் பட்டியலில் பெயர் இருக்கும். அழிக்க விடவில்லையென்றால் செட்டிங்ஸிலேயே 'டிவைஸ் அட்மின்' (போனைக் கட்டுப்படுத்தும் உரிமை பெற்ற செயலிகள்) பட்டியலில் அதை நீக்கிவிட்டு அழியுங்கள். அப்படியும் போகாவிட்டால், போட்டோக்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ரகசிய 'பின்' (PIN) எண்களை மாற்றுவது அதன் பிறகுதான். அரசின் பி.எம்.கிசான் செயலி பிளே ஸ்டோரிலேயே இருக்கிறது.