பீரோவைத் திறங்க, பேசலாம்

வாசகர் கேள்விகளுக்கு ஈரோட்டில் சேலை பாலிஷ், ரோலிங் கடை நடத்தும் அக்காவின் பதில்கள்

மாமியார் தன்னுடைய கூறைச்சேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார். 1978-ல் எடுத்த பட்டு. பிளாஸ்டிக் கவரில் பாச்சை உருண்டையோடு கிடந்ததால் ஜரிகை கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் நாத்தனார். செய்யலாமா?
– வாசகி, பெருந்துறை

புளியை ரசத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்க அம்மிணி. பழைய ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய மெல்லிய வெள்ளிக் கம்பி, அதன் மேல் தங்க முலாம். காற்றில் இருக்கும் கந்தகம் பட்டுத்தான் வெள்ளி கறுக்கிறது. புளியும் எலுமிச்சையும் கறுப்பை எடுக்கும்போது முலாமையும் சேர்த்து எடுத்துவிடும். பற்பசை போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தவர்களும் உண்டு. கம்பி அறுந்து பட்டு நூல் வெளியே தெரியும்.

முதலில் கவரைத் தூக்கிப் போடுங்க. உள்ளே ஈரம் பூத்து நின்றுவிடும். காற்றோட்டமான நிழலில் ஒரு நாள் உலர்த்துங்க. வெயில் வேண்டாம், சாயம் வெளுக்கும். அப்புறம் சேலையை மெத்தை மேல் விரித்து, மடிப்பு விழுந்த கோட்டை மட்டும் விரலால் லேசாக நீவிப் பாருங்க. துணி வளைந்து கொடுத்தால் பயமில்லை. மொறுமொறுவென்று இருந்தாலோ, பொடிப்பொடியாக நூல் உதிர்ந்தாலோ பாலிஷுக்குக் கூடக் கொடுக்காதீங்க. கடைக்காரி நானே சொல்கிறேன், உருளையில் ஏற்றினால் கோடு கோடாகக் கிழிந்துவிடும். அந்த நிலையில் நல்ல பாகத்தை எடுத்துப் பேத்திக்குப் பாவாடை தைப்பதுதான் மரியாதை.

சேலை நன்றாக இருந்தால், கஞ்சி போடாத பழைய நூல் வேட்டியில் சுற்றி வையுங்க. கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. 3 மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, பழைய கோட்டில் மடிக்காமல் மாற்றி மடியுங்க. ஒரே இடத்தில் மடிந்தே கிடப்பதால்தான் பட்டு அறுகிறது. கட்டிக் கிழிந்த பட்டைவிட வைத்துக் கிழிந்த பட்டுத்தான் என் கடைக்கு அதிகம் வருகிறது. ஆனால் கட்டிவிட்டு வியர்வையோடு அப்படியே உள்ளே வைத்தால் பூச்சி தேடி வரும், உலர்த்திவிட்டு வையுங்க. சென்ட்டை ஜரிகை மேல் அடிக்கவே கூடாது.

அப்பாருடைய நிலப் பத்திரங்கள் மஞ்சப்பையில் பீரோ லாக்கரில் இருக்கின்றன. ஓரமெல்லாம் அரித்துவிட்டது. லேமினேஷன் செய்துவிடலாமா?
– வாசகர், தாராபுரம்

வேண்டாங்க. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. பின்னால் கையெழுத்தையோ கைநாட்டையோ சரிபார்க்க வேண்டி வந்தால் சிக்கல். பையை மட்டும் துவைத்துக் காயவைத்துவிட்டு, தரையை ஒட்டிய தட்டில் இல்லாமல் மேல் தட்டில் வையுங்க. பதிவான பத்திரம் என்றால், 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 57-வது பிரிவின்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டு வாங்கலாம். ஒன்று வாங்கி வேறு இடத்தில் வைத்துவிடுங்க.

அடுத்த மாதம் மகளுக்குப் பிரசவம். குழந்தைக்குப் போட என் அம்மாவின் பழைய நூல் சேலைகளைப் பல வருடமாகப் பீரோவில் பாச்சை உருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். துவைத்தால் போதுமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

இதற்கு விளையாட்டாகப் பதில் சொல்ல மாட்டேன். நம்ம ஊரில் பிள்ளையைச் சுற்றுவதும் தொட்டில் கட்டுவதும் பழைய நூல் சேலையில்தான், மெத்துமெத்தென்று இருக்கும். ஆனால் பாச்சை உருண்டையில் இருப்பது நாப்தலீன். அறை வெப்பத்திலேயே ஆவியாகித் துணிக்குள் ஏறிவிடும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதிக் குறைபாடு இருக்கும், பார்த்தால் தெரியாது. அந்தக் குழந்தைக்கு இந்த வாடை பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை கடுமையாகலாம். உங்கள் பேரனோ பேத்தியோ அப்படிப்பட்ட குழந்தையா என்று யாருக்குத் தெரியும்?

அதனால் அந்தச் சேலைகளைக் குழந்தை பக்கமே கொண்டுபோக வேண்டாம். இப்போது நீங்கள் தினமும் கட்டித் துவைக்கிற நூல் சேலையில் இரண்டைக் கிழியுங்க. பாட்டி சேலையில்தான் போட வேண்டும் என்றால் நீங்களும் பாட்டிதானே! குழந்தை இருக்கும் அறையில் பீரோ இருந்தால் உருண்டைகளை இன்றைக்கே எடுத்துவிடுங்க. பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணி முடிச்சில் போதும்; வாடை போனதும் மாற்றுங்க.

வீட்டில் மூன்று பீரோ. எல்லாம் மனைவியின் சேலை. எனக்கு ஒரே ஒரு தட்டு. நியாயமா?
– வாசகர், பல்லடம்

அந்த ஒரு தட்டில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லையேங்க. நானே சொல்கிறேன். நாலு சட்டை, கட்டாத பட்டு வேட்டி ஒன்று, பாடாத ரேடியோ, எதற்கென்று தெரியாத சாவிக்கொத்து, வருடக்கணக்கான கரண்ட் பில். பட்டு வேட்டியை மட்டும் எடுத்து மடிப்பு மாற்றி வையுங்க. மற்றதை ஒதுக்கினால் தட்டில் பாதி மிச்சமாகும். அம்மிணியிடம் அதைச் சொல்லிவிடாதீங்க.