வேர் சிகிச்சையின் நடுவே முகம் வீங்கியது: பல் மருத்துவர் மீது வழக்குத் தொடரலாமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். சென்னையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன்பு, மேல் வரிசையில் இடது கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லில் வேர் சிகிச்சை செய்துகொள்ள அங்குள்ள ஒரு பல் கிளினிக்குக்குப் போனேன். மருத்துவர் சிரிஞ்சால் மருந்து விட்டுப் பல்லைக் கழுவியபோது திடீரென்று கன்னத்துக்குள் தீ வைத்ததுபோல் எரிந்தது. பல்லிலிருந்து ரத்தம் கொட்டியது. சில நிமிடங்களில் கண் மூடிக்கொள்ளும் அளவுக்குக் கன்னம் வீங்கிவிட்டது. "மரத்துப்போகப் போட்ட ஊசி உங்களுக்கு அலர்ஜி" என்று சொல்லி, வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கழுத்துவரை கருநீலமாகிவிட்டது. அரசு மருத்துவமனையில் மூன்று நாள் உள்நோயாளியாக இருந்தேன். பல்லைக் கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட் திசுவுக்குள் போய்விட்டது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறார்கள். இப்போதும் மேலுதட்டின் இடது பக்கம் மரத்தே இருக்கிறது. எக்ஸ்-ரே கேட்டால் கிளினிக்கில் தர மறுக்கிறார்கள். 25,000 ரூபாய் தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். சிகிச்சைக்கு முன்பு ஆங்கிலத்தில் இருந்த ஒரு படிவத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போலீஸில் புகார் கொடுக்கலாம் என்கிறார் அண்ணன். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "இதற்குமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை, முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற ஒரு வரி அதில் இருந்தால், பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்போது அந்த வரியைத்தான் உங்கள் முன் நீட்டுவார்கள். உதட்டின் உணர்வு திரும்புமா என்றே தெரியாத நிலையில் இழப்பைக் கணக்கிடவும் முடியாது. சமரசம் தவறு என்று நான் சொல்லவில்லை. உங்கள் உடல் எந்த நிலையில் நிற்கப்போகிறது என்று தெரிந்த பிறகு பேசுங்கள்.

வீக்கம் வந்தது என்பதற்காக மட்டும் எந்த ஆணையமும் பல் மருத்துவரைக் குற்றம் சொல்லாது. வேர் சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாளில் வலியும் வீக்கமும் வருவது மருத்துவ உலகம் அறிந்த பின்விளைவு. கவனமாகச் செய்த கைகளிலும் அது நடக்கும். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: சிகிச்சை எதிர்பார்த்தபடி அமையவில்லை என்பதாலேயே மருத்துவர் கவனக்குறைவானவர் ஆகிவிடமாட்டார், அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் காட்டும் கவனத்தை அவர் காட்டினாரா என்பதே கேள்வி. நுகர்வோர் ஆணையத்துக்கு வரும் பல் சிகிச்சை வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மனுதாரர் தன் வேதனையை விரிவாகச் சொல்லியிருப்பார். மருத்துவர் எந்த இடத்தில் என்ன செய்யத் தவறினார் என்பதைச் சொல்லியிருக்க மாட்டார்.

உங்கள் கதை அந்தச் சாதாரண வீக்கத்திலிருந்து வேறுபட்டது. சோடியம் ஹைப்போகுளோரைட், வீடுகளில் பயன்படும் பிளீச்சிங் திரவத்தில் இருக்கும் அதே வேதிப்பொருள். பல்லின் குழாய்க்குள் இருக்கும் கிருமிகளையும் அழுகிய திசுவையும் கரைப்பதற்காக, பொதுவாக 0.5 முதல் 5.25 சதவீதம் வரையிலான கரைசலாக அதைப் பயன்படுத்துகிறார்கள். குழாய்க்குள் இருக்கும்வரை அது நல்ல மருந்து. வேரின் நுனியைத் தாண்டினால் உயிருள்ள திசுவையும் அதேபோல் அரித்துவிடும். அந்த நொடியிலேயே தாங்கமுடியாத எரிச்சல், குழாயிலிருந்து ரத்தம், நிமிடங்களில் வீக்கம், அடுத்த நாள் கருநீலம் என்ற நீங்கள் எழுதிய வரிசை அப்படியே பாடப்புத்தக வரிசை. மேல் பல்லில் நடந்தால், கண்ணுக்குக் கீழிருந்து கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும் வரும் உணர்வு நரம்பு பாதிக்கப்படக்கூடும். உங்கள் உதட்டின் மரப்புக்கும் அதுவே காரணமா என்பதை ஒரு முகத்தாடை அறுவை மருத்துவர் பரிசோதித்து எழுத்தில் சொல்ல வேண்டும்.

இதைத் தடுக்கும் வழிகளும் பல் மருத்துவர்களுக்குத் தெரிந்தவையே. எக்ஸ்-ரே மூலமோ கருவி மூலமோ வேரின் நீளத்தை அளப்பார்கள். ஊசியின் முனை நுனிக்கு ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் முன்பே நிற்க வேண்டும். பக்கவாட்டில் துளையுள்ள ஊசியே பாதுகாப்பானது. ஊசி குழாயில் இறுகிவிடக் கூடாது. மருந்தை மெதுவாகச் செலுத்த வேண்டும். இவ்வளவும் செய்தும் விபத்து நடக்கலாம். வேரின் நுனி ஏற்கெனவே அரிக்கப்பட்டு அகன்றிருந்தால் மருந்து தானே வெளியேறிவிடும். ஆகவே நுனியைத் தாண்டியது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்று என்று நான் மனு எழுதமாட்டேன். நீளம் அளக்கப்பட்டதா, எந்த ஊசி, என்ன அடர்த்தி என்று கேட்பேன். பதில் அவர்களுடைய சிகிச்சைப் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

என் பார்வையில் உங்கள் வழக்கின் பலம் விபத்துக்குப் பிந்தைய அரைமணி நேரத்தில் இருக்கிறது. இப்படி நேர்ந்தால் மருத்துவர் உடனே நிறுத்தி, நடந்ததை நோயாளியிடம் சொல்லி, குழாயை உப்புநீரால் கழுவி, வலியைக் கட்டுப்படுத்தி, முதல் நாள் குளிர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி, வீக்கம் கண்ணையோ தொண்டையையோ நோக்கிப் பரவினால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். உங்களிடம் "அலர்ஜி" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தெரிந்தே மறைத்தார்களா, தெரியாமல் சொன்னார்களா என்பதை ஆணையம் முடிவுசெய்யட்டும். இரண்டில் எதுவானாலும் அது சேவைக் குறைபாடு என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. இதில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. உங்கள் மருத்துவச் சீட்டு எதிலாவது "மரப்பு ஊசி அலர்ஜி" என்று எழுதியிருந்தால், நாளை அவசர அறுவை சிகிச்சை வந்தால்கூட அந்த மருந்தைத் தரத் தயங்குவார்கள். அரசு மருத்துவமனையில் கேட்டு அந்தப் பதிவைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நீங்கள் கையெழுத்திட்ட படிவம் உங்களைக் கட்டிப்போடாது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள் ஆகியவற்றை நோயாளி புரிந்துகொள்ளும்படி சொன்ன பிறகு பெறப்படுவதுதான் முறையான சம்மதம் என்றது. உங்களுக்குப் புரியாத மொழியில் நீட்டப்பட்ட தாள் அந்தச் சோதனையில் தேறுவது கடினம். ஆனால் நீங்கள் ஆங்கிலத்தில் படித்து வேலை பார்ப்பவர் என்றால் இந்த வாதத்தை அளவோடு வையுங்கள். "யாரும் எதையும் விளக்கவில்லை" என்பதே உறுதியான நிலைப்பாடு.

எக்ஸ்-ரே தர மறுப்பது தவறு. பல் மருத்துவர்களுக்கான 2014-ஆம் ஆண்டுத் திருத்தப்பட்ட நெறிமுறை விதிகளின்படி சிகிச்சைப் பதிவுகளை மூன்று ஆண்டுகளாவது பாதுகாக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். சிகிச்சைப் பதிவேடு, எல்லா எக்ஸ்-ரே படங்கள், சம்மதப் படிவம், பில் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். கோபத்தை அதில் எழுத வேண்டாம். ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பி, மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அப்போதும் தராவிட்டால், பதிவுகள் அவர்களுக்குப் பாதகமாக இருப்பதால்தான் மறைக்கிறார்கள் என்று அனுமானிக்கும்படி ஆணையத்தைக் கேட்கலாம். தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்திலும் தனியாகப் புகார் செய்யலாம். மன்றம் மருத்துவரின் பதிவு தொடர்பான நடவடிக்கையைத்தான் எடுக்கும், இழப்பீடு தராது. வீங்கிய முகத்தின் படங்களும் கிளினிக்கின் வாட்ஸ்அப் செய்திகளும் இருக்கும் கைபேசியை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். அவற்றைச் சான்றாகத் தரும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும்.

அண்ணனின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் காவல் நிலையம் இந்த விஷயத்துக்கு ஏற்ற இடமில்லை. மருத்துவர் மீது குற்ற வழக்கு நிலைக்க மிக மோசமான கவனக்குறைவு வேண்டும். சுயேச்சையான மருத்துவக் கருத்தைப் பெறாமல் போலீஸார் அடுத்த அடி எடுக்கக் கூடாது என்று ஜேக்கப் மேத்யூ தீர்ப்பே சொல்கிறது. அந்தக் கருத்து சாதகமாக வராவிட்டால் அதே காகிதம் நுகர்வோர் ஆணையத்திலும் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.

உங்களுக்கான வழி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-இல் வி.பி.சாந்தா வழக்கிலேயே முடிவாகிவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, மனுதாரர் வசிக்கும் இடத்திலும் வழக்குத் தொடர அனுமதிக்கிறது. கும்பகோணத்தில்தான் இனி வசிக்கப்போகிறீர்கள் என்றால் தஞ்சாவூர் ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். சென்னையிலேயே தங்குவதானால் சென்னையில் செய்யுங்கள். சிகிச்சைக்காகச் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். மருத்துவம் கலந்த வழக்கு என்பதால் ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது. மருத்துவரை மட்டுமன்றி கிளினிக்கையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள்.

நிபுணர் கருத்து எல்லா வழக்குகளிலும் கட்டாயமில்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். அரசு மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு ஏற்கெனவே உங்கள் பக்கம் பேசுகிறது. சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டி, உதட்டின் உணர்வுக் குறைவு எவ்வளவு, எப்போது தேறக்கூடும் என்று எழுதி வாங்குங்கள். இழப்பீட்டைக் கோரும்போது கோடியில் எழுத வேண்டாம். மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், இனி ஆகப்போகும் சிகிச்சை, வலி, மன உளைச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் ரசீதோ காரணமோ காட்டக்கூடிய தொகையாக எழுதுங்கள்.

அந்தப் பல் இன்னும் பாதியில் திறந்து கிடக்கிறது என்றால் வழக்குக்காக அதை அப்படியே வைத்திருக்காதீர்கள். கிருமி மீண்டும் ஏறும். சேதத்தைக் குறைக்க நீங்கள் முயலவில்லை என்று எதிர்த்தரப்பு கேட்கும். வேறு மருத்துவரிடம் சிகிச்சையை முடித்துக்கொள்ளுங்கள். அவர் பல்லைத் தொடுவதற்கு முன்பு புதிதாக ஓர் எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லுங்கள். வேரில் துளை விழுந்திருக்கிறதா, நுனி எப்படியிருக்கிறது என்பதைத் தேதியிட்டுச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.