வீட்டில் டீ பார்ட்டி: எதை வாங்கலாம், எதை நாமே செய்யலாம்?

கேள்வி: அடுத்த மாதம் அம்மாவுக்கு 75 வயது நிறைகிறது. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பாடு வேண்டாம், பள்ளியில் பிரிவுபசாரத்துக்கு வைப்பார்களே, அந்த மாதிரி மாலையில் ஒரு டீ பார்ட்டி போதும் என்கிறார். வெள்ளரிக்காய் சாண்ட்விச் கட்டாயம் இருக்க வேண்டுமாம். 40 பேர் வருவார்கள். கேட்டரிங்காரர் தட்டுக்கு 14 ஐட்டம் என்கிறார். கேக் மட்டும் புதுச்சேரியில் வாங்கலாம் என்று இருக்கிறோம். எப்படித் திட்டமிடுவது?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அம்மாவுக்கு என் வணக்கம். 14 ஐட்டம் வேண்டவே வேண்டாம். பழைய டீ பார்ட்டித் தட்டு சின்னது: ஓர் இனிப்பு, கொஞ்சம் மிக்சர், ஒரு துண்டு கேக், சுடச்சுட ஒரு பஜ்ஜி, அப்புறம் டீ. அதோடு அம்மா கேட்ட சாண்ட்விச். இவ்வளவுக்குக் கேட்டரிங்கே தேவையில்லை. பஜ்ஜி போட ஓர் ஆளும் டீ போட ஓர் ஆளும் இருந்தால் போதும்.

வீட்டில் செய்ய வேண்டியவை கேசரியும் பஜ்ஜியும். 40 பேருக்கு முக்கால் கிலோ ரவையும் ஒரு கிலோ கடலை மாவும் சரியாக இருக்கும். கேசரிக்கு முழு முந்திரி வாங்காதீர்கள். பண்ருட்டி பக்கத்தில் இருக்கும்போது பாதி முந்திரி விலை குறைவாகவே கிடைக்கும், ருசியில் வித்தியாசம் கிடையாது. பஜ்ஜியை முன்கூட்டியே போட்டு அடுக்காமல், ஆள் வர வரப் போடுங்கள். எண்ணெய் வடிக்கச் செய்தித்தாள் கூடாது, அச்சு மை உணவில் ஒட்டும்.

சாண்ட்விச்சுக்கு 400 கிராம் ரொட்டி மூன்று பாக்கெட், வெண்ணெய் 300 கிராம். ரொட்டியின் தேதியைப் பார்த்து அன்றைக்கே வாங்குங்கள். வெண்ணெய் என்று நினைத்து ‘ஃபேட் ஸ்ப்ரெட்’ வாங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். வெண்ணெயில் பால் கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம், லேபிளைப் படித்தால் தெரிந்துவிடும். வெள்ளரிக்காயை மெல்லிசாகச் சீவி, உப்புத் தூவிக் கால் மணி நேரம் வைத்து, நீரைப் பிழிந்துவிடுங்கள். வெண்ணெயை ரொட்டியின் ஓரம் வரை தடவினால்தான் ஈரம் இறங்காது. ஓரத்தை வெட்டி, ஒவ்வொன்றையும் நாலு முக்கோணமாக்கி, ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். கடலூர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம்.

மிக்சர் ஒன்றரை கிலோ போதும். கடையில் பெட்டியோடு சேர்த்து எடை போட விடாதீர்கள். கனமான அட்டைப் பெட்டி 100 கிராம் வரை இருக்கும். கிலோ 400 ரூபாய் என்றால் அட்டைக்கு 40 ரூபாய் கொடுக்கிறீர்கள். காலிப் பெட்டியைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கிய பிறகு மிக்சரைப் போடச் சொல்லுங்கள். பொருளின் நிகர எடைக்குத்தான் காசு. கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்றும் பாருங்கள். சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் அந்தத் தேதியைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது.

கேக் இரண்டு கிலோ. புதுச்சேரியிலிருந்து வெயிலில் வருவதால் கிரீம் கேக் வேண்டாம், சாதா பட்டர் கேக்தான் தாங்கும், டீக்கும் அதுதான் பொருத்தம். ஆர்டரை வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கொடுங்கள்: எடை, வெண்ணெயா வனஸ்பதியா, முட்டை உண்டா, எத்தனை மணிக்கு வேண்டும். ஒரு முறை போனில் மட்டும் சொல்லிவிட்டு, பட்டர் கேக்குக்குப் பதில் வனஸ்பதி கேக்கோடு நான் நின்றிருக்கிறேன். காட்ட ஒரு சீட்டும் இல்லை. கேக், பிஸ்கட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பில்லில் பழைய 18 இருந்தால் உடனே கேளுங்கள்.

டீக்குப் பால் ஐந்து லிட்டர், தூள் 200 கிராம். இரண்டாவது சுற்று கேட்பவர்களுக்கும் வரும்.

கேள்வி: புதுச்சேரி பேக்கரி ஒன்றில் முட்டையில்லாத கேக் ஆர்டர் கொடுத்தோம். முட்டை சேர்த்த கேக்கைக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். புகார் கொடுக்கப் புதுச்சேரிக்குத்தான் அலைய வேண்டுமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஆகவே கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பாருங்கள், சின்னத் தொகைகள் பல அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. பில், பணம் அனுப்பிய விவரம், ஆர்டர் செய்தி, பெட்டியின் படம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பெட்டியில் பச்சை வட்டம் போட்டிருந்தால் அதையும் கிட்டத்தில் படம் பிடியுங்கள். முட்டை சேர்த்த கேக்குக்கு அந்தக் குறி போடவே கூடாது.