முயல் ஜோடியும் கருத்தடையும்: எதை முதலில் செய்வது?

கேள்வி: எங்கள் வீட்டில் 8 மாதப் பெண் முயல் ஒன்று இருக்கிறது. தனியாகக் கிடக்கிறதே என்று 5 மாத ஆண் முயல் ஒன்றைச் சென்ற வாரம் வாங்கிவந்து அதே கூண்டில் விட்டோம். ஆண் முயல் விடாமல் மேலே ஏற, பெண் முயல் அதைக் கடித்துத் துரத்தியது. கால் மணி நேரத்துக்குள் கூண்டெல்லாம் முடி. இப்போது இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறோம். கருத்தடை செய்துவிட்டால் சண்டை ஓயும் என்கிறார் நண்பர் ஒருவர். முயல் மயக்க மருந்தைத் தாங்காது, இயற்கையில் கை வைக்கக் கூடாது என்கிறார் என் கணவர். செய்வதென்றால் ஒன்றுக்கு மட்டும் செய்தால் போதுமா? இரண்டையும் எப்படிப் பழக்குவது?

பதில்: நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கால் மணி நேரத்தில் உங்கள் பெண் முயல் கருவுற்றிருக்கக் கூடும். முயல்களின் இனச்சேர்க்கை சில நொடிகளில் முடிந்துவிடும். பெண் முயலுக்குச் சேர்க்கைக்குப் பிறகுதான், ஏறக்குறைய 10 மணி நேரம் கழித்து, கருமுட்டை வெளிப்படுகிறது என்பதால் 'அதற்கான பருவம் இல்லை' என்று நம்பியிருக்கவும் முடியாது. இரண்டையும் சேர்த்துவிட்ட நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கர்ப்பகாலம் 30 முதல் 32 நாட்கள். அதன் இறுதியில் தாய் தன் மார்பு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும். இதையே 16, 18 நாட்களில் செய்துவிட்டுப் பிறகு ஒன்றுமே நடக்காதது போல் திரிந்தால் அது பொய்க் கர்ப்பம். வயிற்றை நீங்களாகவே அழுத்திப் பார்க்க வேண்டாம். இரண்டு வாரம் ஆனதும் கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். குட்டிகள் பிறந்தால் அன்றைக்கே மீண்டும் கருவுறக்கூடிய உயிர் இது. ஆகவே ஆண் முயலின் கூண்டுக் கதவு எந்தக் காரணத்துக்காகவும் திறந்து கிடக்கக் கூடாது. அதே பரிசோதனையின்போது இரண்டின் பாலினத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இளம் முயல்களைத் தவறாக இனம் கண்டு விற்பது மிகச் சாதாரணமாக நடப்பது.

உங்கள் கணவரின் அச்சம் காரணமில்லாததன்று. பிரிட்டனில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஆரோக்கியமான முயல்களில் 0.73 சதவீதம், அதாவது ஏறக்குறைய 137க்கு ஒன்று, 48 மணி நேரத்துக்குள் இறந்திருக்கிறது. ஆரோக்கியமான நாய்களில் இது 0.05 சதவீதம், பூனைகளில் 0.11 சதவீதம். இந்த வேறுபாட்டை மறைத்துக்கொண்டு 'ஒன்றும் ஆகாது' என்று உங்களைத் தேற்றுவது நேர்மையாகாது. ஆனால் அந்த இறப்புகளில் பெரும்பாலானவை அறுவை முடிந்த பின்னர் நேர்ந்தவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விழித்தெழும் நேரத்தில் உடல் குளிர்ந்துவிடாமல் பார்ப்பதும், வலி தெரியாமல் மருந்து கொடுப்பதும், முயலைச் சீக்கிரம் சாப்பிட வைப்பதும் நம் கையில் இருப்பவை.

தராசின் மறுதட்டில் இருப்பது கருப்பைப் புற்றுநோய். கருத்தடை செய்யப்படாத பெண் முயல்களில் வயது ஏற ஏற இது பெருகுகிறது. 4 வயதைத் தாண்டிய சில இனங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் காணப்படுகிறது. வெளியே தெரியாமல் வளர்ந்து நுரையீரல் வரை பரவிவிடும். நன்றாக வளர்க்கப்படும் முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வாழக்கூடியது என்னும்போது, 4 வயது என்பது அதன் பாதி ஆயுளுக்கு மேல் இல்லை. இளமையும் ஆரோக்கியமும் இருக்கும்போது ஏற்கும் ஒரு நாள் அபாயத்தைவிட, ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும் அபாயத்தையே நான் பெரிதாக எண்ணுகிறேன். இயற்கையில் கை வைக்கக் கூடாது என்ற வாதத்தைப் பொறுத்தவரை, கூண்டு வாங்கிய அன்றே அந்தக் கை வைக்கப்பட்டுவிட்டது. வெட்டவெளியில் வாழும் பெண் முயல் தனக்கு வேண்டாத ஆணிடமிருந்து ஓடிவிடலாம். உங்கள் வீட்டு முயலுக்கு ஓட இடமில்லாததால்தான் அது கடித்தது.

ஒன்றுக்கு மட்டும் செய்தால் போதுமா என்றால், குட்டிகள் வேண்டாம் என்பது மட்டுமே நோக்கமாக இருந்தால் போதும். ஆணுக்கு மட்டும் செய்தால் பெண்ணின் இட உரிமைச் சண்டை, பொய்க் கர்ப்பம், புற்றுநோய் அபாயம் மூன்றும் அப்படியே இருக்கும். பெண்ணுக்கு மட்டும் செய்தாலோ, ஆண் முயல் ஏறுவதையும் சிறுநீர் பீய்ச்சுவதையும் விடாது. தொல்லை தாங்காமல் பெண் திரும்பவும் கடிக்கும். இரண்டுக்கும் செய்யுங்கள். ஒரே சமயத்தில் முடியாவிட்டால் ஆணுக்கு முதலில் செய்யலாம்; அது எளிய, விரைவில் ஆறும் அறுவை. பெண்ணுக்குக் கர்ப்பம் இல்லை என்று தெரிந்த பிறகோ, குட்டிகள் பால் மறந்த பிறகோ செய்துகொள்ளலாம். கர்ப்பம் உறுதியானால் அந்த நிலையிலேயே அறுவை செய்யலாமா என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் முயல்களுக்கு அடிக்கடி அறுவை செய்கிறவரா என்று தயங்காமல் கேளுங்கள். அடுத்து, முதல் நாள் இரவே உணவை நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால் வேறு மருத்துவரைத் தேடுவது நல்லது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே நாய்க்கும் பூனைக்கும் வைக்கும் பட்டினி இதற்குத் தேவையில்லை. மாறாக, குடல் காலியானால் அதன் இயக்கமே நின்றுபோய் உயிருக்கு ஆபத்தாகும். வழக்கமாகத் தின்னும் புல்லையும் இலைகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். வலி மருந்து கொடுத்து அனுப்புவார்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வீடு திரும்பி 12 மணி நேரமாகியும் எதையும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

அறுவை முடிந்ததும் சேர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஆண் முயல் விதை நீக்கத்துக்குப் பிறகும் 4 முதல் 6 வாரங்கள் வரை கருவுறச் செய்யக்கூடும். பெண்ணின் காயம் இரண்டு வாரத்தில் ஆறினாலும் ஹார்மோன்கள் அடங்க மேலும் சில வாரங்கள் ஆகும். ஆறு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களும் வீணல்ல. இரண்டு கூண்டுகளையும் ஒன்றையொன்று பார்க்கும்படி, ஆனால் கம்பி வழியே மூக்கைக் கடித்துவிட முடியாத இடைவெளியில் வையுங்கள். விரிப்புத் துணிகளையும் கழிவுத் தட்டுகளையும் அவ்வப்போது மாற்றிப் போடுங்கள். முதலில் ஆத்திரத்தோடு முகர்ந்து அதன்மேல் புழுக்கை போடும், சில நாட்களில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். காய்ந்த புல்லைக் கம்பியின் இருபுறமும் ஒரே நேரத்தில் வைத்து, முகத்துக்கு முகம் பார்த்துத் தின்னப் பழக்குங்கள்.

நேரில் சந்திக்க வைப்பதற்கு, இரண்டுமே இதுவரை கால் வைக்காத ஓர் இடம் வேண்டும். குளியலறை பலருக்கும் வசதிப்படுகிறது. வழுக்கும் தரையில் முயல் மிரளும் என்பதால் பாய் விரித்துவிடுங்கள். ஒரே வாயில் கொண்ட பெட்டி எதையும் உள்ளே வைக்காதீர்கள். துரத்தப்படும் முயல் அதற்குள் மாட்டிக்கொள்ளும். நீங்களும் தரையில் அமருங்கள். கையில் தடித்த உறையும், நடுவே நுழைக்க ஒரு கெட்டி அட்டையும் இருக்கட்டும். சண்டைக்குள் வெறுங்கையை விட்டால் முதலில் கிழிவது உங்கள் கைதான். முதல் நாட்களில் 10 நிமிடம் போதும்.

பார்க்க வேண்டியது காதையும் வாலையும். காதுகள் பின்னோக்கிப் படிந்து, வால் விறைத்து நிமிர்ந்தால் அடுத்த நொடி பாய்ச்சல் வரும். அதற்கு முன்பே அட்டையை நுழைத்துவிடுங்கள். கருத்தடைக்குப் பிறகும் ஏறுவது முழுமையாக நிற்காது, அது யார் பெரியவர் என்று தீர்மானிக்கும் வழி. சில நொடிகள் விட்டுவிட்டு மெல்ல இறக்கிவிடலாம். ஆனால் தலைப்பக்கமாகத் திரும்பி ஏறினால் உடனே பிரிக்க வேண்டும். கீழே இருக்கும் முயலின் பற்களுக்கு நேராக மேலே இருப்பதன் பிறப்புறுப்பு இருக்கும். இன்னொரு காட்சியும் அடிக்கடி வரும்: ஒன்று தலையைத் தாழ்த்தி மற்றதன் தாடைக்கு அடியில் நுழைத்து, நக்கிவிடு என்று கேட்கும், மற்றதும் தலையைத் தாழ்த்தும், இரண்டும் கேட்குமே தவிர எதுவும் நக்காது. இந்த இழுபறியில் தலையிடாதீர்கள். இரண்டின் நெற்றியிலும் துளி பழக்கூழைத் தடவிவிட்டால் சில சமயம் முட்டுக்கட்டை உடைகிறது.

வண்டியில் ஏற்றி அலைக்கழித்தால் பயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பயத்தில் ஒடுங்கியிருப்பதை நட்பு என்று எடுத்துக்கொண்டு வீட்டில் சேர்த்து விட்டவர்கள் அன்றிரவே பிரிக்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு சந்திப்பையும் அமைதியான தருணத்தில் முடியுங்கள். நேரத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே போய், உடல் உரசப் படுப்பது, முகத்தை நக்கிவிடுவது, ஒரே குவியலில் தின்பது ஆகியவற்றைத் தொடர்ந்து பார்த்த பிறகு, இரண்டு நாள் முழுவதும் நீங்கள் அருகிலிருந்து, அதன் பின்னரே பொதுக் கூண்டுக்கு மாற்றுங்கள். அந்தக் கூண்டு பழைய வாசனை போகக் கழுவப்பட்டு, இடம் மாற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும். இதற்குச் சில நாட்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம்.

நடுவே உருண்டு புரண்டு சண்டையிட்டுவிட்டால், பிரித்தவுடன் முடியை விலக்கித் தோலை அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். கடித்த இடம் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் கோத்துவிடும். முயலின் சீழ் கெட்டித் தயிர்போல் உறைவதால் தானாக வடியாது, மருத்துவர்தான் எடுக்க வேண்டும். பெரிய சண்டைக்குப் பிறகு ஒரு வாரமாவது கம்பிக்கு இரு புறமும் வைத்துவிட்டு, 10 நிமிடச் சந்திப்பிலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.

ஒருமுறை இணைந்த ஜோடியைப் பிறகு பிரிக்காதீர்கள். ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இரண்டையுமே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மருத்துவமனை வாசனையோடு தனியாகத் திரும்பும் முயலை மற்றது அந்நியமாக எண்ணித் தாக்குவதுண்டு. மாதக்கணக்கில் முயன்றும் இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால், அடுத்தடுத்த கூண்டுகளிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டு, வெளியே விடும் நேரத்தை ஆளுக்கு ஒரு வேளை என்று பிரித்துக்கொடுங்கள். கம்பிக்கு அப்பால் இன்னொரு முயல் இருப்பதே அவற்றுக்குத் துணைதான்.